மாடல் ரயிலுக்குத் திரும்புகிறீர்களா? ஐம்பத்தைந்தைக் கடந்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிறுவயதில் மாடல் ரயில் ஓட்டியவர்கள் பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயதில் அதைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். படிப்பு, வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் என்று ஓடி, ஓய்வு நெருங்கும்போது அந்த நினைப்பு மறுபடி தலைதூக்கும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இந்தப் பொழுதுபோக்கைத் தூக்கி நிறுத்துபவர்களில் பெரும்பங்கு இப்படித் திரும்பி வந்தவர்கள்தான். நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் மாடல் ரயில் வைத்திருந்தவர்கள் குறைவு. லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த, ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் பிராண்டின் மாடல் ரயில் பெட்டி ஒன்று சில வீடுகளில் இருந்திருக்கும். மற்றவர்கள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. இந்த இரண்டு வகையினருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் தொடங்குபவர், ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒரு ரயில் ஓடும்படியும், ஒரு வருடத்துக்குள் முழுதாக முடிகிற அளவிலும் தன் பாதையை அமைத்துக்கொள்ள வேண்டும். அறை முழுக்க மலையும் பாலமுமாகப் பெரிய லேஅவுட் என்பது பத்து வயதில் கண்ட கனவு. அதை அப்படியே அறுபது வயதில் ஆரம்பித்தால் வெறும் பலகையும் ஒயருமாகத்தான் வருடங்கள் போகும். சிறிதாக இருந்தாலும் ஓடுகிற பாதைதான் ஆர்வத்தை உயிரோடு வைத்திருக்கும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த எண்ணத்திலிருந்து வருபவை.

படி 1: எது உங்களுக்குப் பிடிக்கும்?

மாடல் ரயிலில் மூன்று விதமான சந்தோஷம் இருக்கிறது. ரயில் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒன்று. வேகன்களைப் பிரித்து, சேர்த்து, சரியான சைடிங்கில் (வேகன்கள் நிற்கும் கிளைப்பாதை) விட்டு, ஒரு நிலைய அதிகாரியைப் போல வேலை நடத்துவது இன்னொன்று. மூன்றாவது, கையால் செய்வது: ஒரு வேகனுக்கு வர்ணம் அடிப்பது, அட்டையில் ஒரு சிக்னல் கேபின் கட்டுவது, ஒரு பனைமரத்தை அசல் போலக் கொண்டுவருவது.

மூன்றும் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனாலும் எது முதலில் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பார்ப்பவருக்கு வளையம் வேண்டும், அதற்கு அகலமான இடம் வேண்டும். ஓட்டுபவருக்கு ஓர் அடி அகலப் பலகையே போதும். செய்பவருக்கு நல்ல மேசையும் வெளிச்சமும் இருந்தால் ஒரு மீட்டர் தண்டவாளமே பல வருடங்களுக்கு வேலை தரும். இது தெரியாமல் கடைக்குப் போனால் கண்ணில் படுகிற அழகான என்ஜினைத்தான் வாங்கி வருவோம்.

படி 2: பரணில் பழைய பெட்டி இருந்தால்

இருந்தால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் பெட்டியில் இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மரை எந்தக் காரணத்துக்காகவும் பிளக்கில் செருகாதீர்கள். நாற்பது ஐம்பது வருடத்தில் ஒயரின் மேலுறை வெடித்துப்போயிருக்கும். உள்ளே என்ன நிலை என்று வெளியிலிருந்து தெரியாது. அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் அது 110 – 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் மாட்டினால் புகையும். பிளக்கை வெட்டிவிட்டு, நினைவுக்காக அலமாரியில் வையுங்கள். புதிய 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் ஒன்று, ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். தண்டவாளத்தில் நடுவே மூன்றாவது கம்பி ஓடினால் அது பழைய ஹார்ன்பி டப்லோவாக இருக்க வாய்ப்பு அதிகம். லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1938-ல் கொண்டுவந்தது அது. 1959-ல்தான் இரண்டு கம்பித் தண்டவாளத்துக்கு மாறினார்கள். 1964-ல் டிரை-ஆங் என்ற போட்டி பிராண்டை வைத்திருந்த லைன்ஸ் பிரதர்ஸ் மெக்கானோவை வாங்கியது. அதனால்தான் அதற்கடுத்த வருடங்களின் பெட்டிகளில் 'டிரை-ஆங் ஹார்ன்பி' என்று இருக்கும்; 1972-லிருந்து 'ஹார்ன்பி ரயில்வேஸ்'. நடுக்கம்பி இல்லாமல் ஸ்லீப்பர்களில் (தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள்) சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் தெரிந்தால் அது ஜெர்மனியின் மேர்க்ளின். மேர்க்ளின் பழைய என்ஜின்கள் ஏசி மின்சாரத்தில் ஓடுபவை. மற்ற நிறுவனங்களின் இரண்டு கம்பிப் பாதையில் ஓடாது. அவற்றை 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரோடு கலக்காதீர்கள்.

என்ஜினை உயிர்ப்பிப்பது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. இந்த வேலையில் கிடைக்கும் நிறைவு புது என்ஜின் வாங்குவதில் கிடைக்காது என்பது என் அனுபவம்.

முதலில் உலோகச் சட்டத்தைக் கூர்ந்து பாருங்கள். நூல் போன்ற வெடிப்புகள், உப்பல், வளைவு தெரிந்தால் அது துத்தநாகக் கலவை நோய். வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததால் உள்ளிருந்தே உடையும்; இதற்கு மருந்து கிடையாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொருள்களில் இது அதிகம். அப்படிப்பட்டதை ஓட்டிப் பார்க்காமல் காட்சிக்கு வைத்துவிடலாம்.

சட்டம் நன்றாக இருந்தால் மேல்கூட்டைக் கழற்றுங்கள். ஒவ்வொரு திருகும் கழன்று வரும்போது கைபேசியில் ஒரு படம் எடுங்கள். திருகுகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தால் மாறாது. பழைய எண்ணெய் தேன் பதத்தில் இறுகியிருக்கும். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பற்சக்கரங்கள், அச்சுகள், கம்யூட்டேட்டர் (மோட்டாருக்குள் மின்சாரம் வாங்கும் செம்பு வளையம்) மூன்றையும் துடையுங்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும், பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வேண்டாம். பிளாஸ்டிக் கூட்டின் வர்ணத்தில் அது படக் கூடாது.

அப்புறம் கார்பன் பிரஷ், அதாவது கம்யூட்டேட்டரைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் சின்னக் கரித்துண்டு. தேய்ந்து குட்டையாகிவிட்டால் மாற்ற வேண்டும்; பழைய டிரை-ஆங், ஹார்ன்பி மோட்டார்களுக்கு இன்றும் பிரஷ்ஷும் ஸ்பிரிங்கும் பிரிட்டனில் விற்கிறார்கள். பழைய திறந்தவகை மோட்டாரில் சுழலும் நடுப்பகுதியான ஆர்மேச்சரை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் அந்தக் காலத்து காந்தம் வலுவிழக்கும். பிறகு என்ஜின் சூடாகும், இழுவை குறையும். ஏற்கெனவே வலுவிழந்திருந்தால் அதே அளவில் நியோடிமியம் காந்தம் கிடைக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தக் காந்தங்களை மார்புக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடுங்கள். குழந்தைகள் விழுங்கினால் குடலுக்கு ஆபத்து என்பதால் பூட்டி வைக்க வேண்டிய பொருளும்கூட.

எண்ணெய் விடும்போது தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் எடுத்து, ஒவ்வோர் அச்சிலும் ஒரு துளி. அதற்கு மேல் விட்டால் கம்யூட்டேட்டர் வரை பரவி, தண்டவாளத்திலும் ஒட்டி, நின்று நின்று ஓடும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. சக்கரத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையம் கல்லாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். இவ்வளவும் முடிந்ததும் கன்ட்ரோலரை மெதுவாகத் திருப்பி, என்ஜினைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தில் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். அரை நிமிடம் முன்னோக்கி, அரை நிமிடம் பின்னோக்கி. சுற்றினால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

பழைய இரண்டு கம்பித் தண்டவாளங்களை மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்கிவிடுங்கள். இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும். பித்தளை சீக்கிரம் கறுத்துவிடும். இன்று விற்பது நிக்கல் சில்வர், அதில் மின்தொடர்பு நன்றாக நிற்கும்.

படி 3: ஸ்கேலைக் கண்ணும் கையும் தீர்மானிக்கட்டும்

ஸ்கேல் என்பது அசலை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது. எச்.ஓ. 87-ல் ஒரு பங்கு, உலகம் முழுக்க அதிகம் புழங்குவது. பிரிட்டனின் ஓ.ஓ. 76-ல் ஒன்று, இரண்டுமே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும். 'என்' (N) என்ற ஸ்கேல் 160-ல் ஒன்று (பிரிட்டனில் 148), தண்டவாளம் 9 மி.மீ. இரண்டுக்கும் நடுவில் 120-ல் ஒன்று என்ற டி.டி.; கிழக்கு ஜெர்மனியில் வேரூன்றியிருந்த இந்த ஸ்கேலை ஹார்ன்பியும் 2022-ல் கையில் எடுத்தது. பெரியது வேண்டுமென்றால் ஓ ஸ்கேல், தண்டவாளமே 32 மி.மீ.

இடம் குறைவு என்றால் என் ஸ்கேல் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அவசரப்பட வேண்டாம் என்பேன். என் ஸ்கேல் வேகனைத் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பதே நடுங்கும் விரல்களுக்குச் சிரமம். வண்டிகளைக் கோர்க்கும் கப்ளிங் கொக்கி அரிசியை விடச் சிறியது. கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறீர்களா? அதை முடித்து, புதுக் கண்ணாடி வந்தபிறகு ஸ்கேலைத் தேர்ந்தெடுங்கள். நண்பர் வீட்டிலோ கடையிலோ ஒரு வேகனைக் கையில் வாங்கி, எழுத்தைப் படிக்க முடிகிறதா, ஏற்றி வைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு எச்.ஓ. அல்லது ஓ.ஓ. சரிவரும். ஓட்டுவது மட்டுமே ஆசை, கை மட்டும் ஒத்துழைக்கவில்லை என்றால் ஓ ஸ்கேலில் ஒரு சின்ன ஷண்டிங் பாதை (வேகன்களைப் பிரித்துக் கோர்க்கும் பாதை) அருமையான வழி.

கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. மேலே தூரம், கீழே கிட்டம் என்று பார்க்கிற புரோகிரசிவ் கண்ணாடி இந்த வேலைக்கு ஒத்துவராது. கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்து வலி வரும். நீங்கள் வேலை செய்யும் தூரத்தை டேப்பால் அளந்து கொண்டுபோய், அந்தத் தூரத்துக்கென்று ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். அதோடு இரண்டு பக்கமும் நிழல் விழாதபடி இரண்டு எல்இடி விளக்குகள். இந்தச் செலவு ஒரு புது என்ஜினை விடப் பயனுள்ளது.

நம் ஊர் ரயிலைச் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. நம் பிராட்கேஜ் 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும், ஆனால் எச்.ஓ. தண்டவாளம் 16.5 தான். கொஞ்சம் ஒடுங்கித் தெரியும், பெரும்பாலானவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. மீட்டர்கேஜ் அப்படியல்ல. 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5, மீட்டர்கேஜுக்கென்று ஐரோப்பாவில் 12 மி.மீ. தண்டவாளத்தை பீக்கோ போன்றவர்கள் விற்கிறார்கள். சுவிஸ் மலை ரயில்களுக்காக பெமோ என்ற ஜெர்மன் நிறுவனம் அதே அளவில் வண்டிகள் செய்கிறது. நீலகிரி ரயிலின் எக்ஸ் வகை நீராவி என்ஜின்களை முதலில் செய்து அனுப்பியதும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலைதான். பல்சக்கரப் பாதை, குட்டை வண்டிகள் என்று இரண்டு நாட்டு மலை ரயிலுக்கும் உறவு உண்டு. கையால் செய்வதில் ஆர்வம் உள்ளவருக்கு இது நல்ல தொடக்கம்.

படி 4: இடமும் பலகையும்

எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட்டை அப்படியே சுவரோரம் போட்டு ஆரம்பிப்பது உலகம் முழுக்க நடப்பது. வேண்டாம். நாலடி தூரத்தில் கவிழ்ந்த வண்டியை எடுக்க மேசைமேல் சாய வேண்டும். இடுப்பு ஒரு பக்கம், சட்டைக் கையில் மாட்டி இடிந்த நிலையம் மறுபக்கம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டுவதானால் அகலம் 60 செ.மீ. போதும். அதேபோல, குனிந்து பலகைக்கு அடியில் நுழைந்து நடுவில் நிற்கிற அமைப்பும் வேண்டாம். இன்று முடிகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பத்து வருடம் கழித்தும் முழங்கால் அதே முழங்கால் இல்லை.

உட்கார்ந்து ஓட்டுவதானால் 70 – 75 செ.மீ. உயரம், அதாவது சாதாரண மேசை. நின்று ஓட்டுவதானால் முழங்கை மட்டம். நான் உட்காருவதையே சொல்வேன். கண் தண்டவாளத்துக்கு அருகில் வரும்போது ரயில் ரயிலாகத் தெரியும்.

பலகைக்கு 9 மி.மீ. பிளைவுட் போதும், அதே பிளைவுட்டை மூன்று அங்குலப் பட்டையாக அறுத்து அடியில் சட்டம் அடித்தால் வளையாது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி கடற்கரை ஊர் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, நீர் தாங்கும் பிளைவுட் வாங்குவது நல்லது. விலை கூட, ஆனால் மழைக்காலத்தில் பலகை வளைந்தால் மேலே செய்த எல்லாம் போச்சு. கரையானுக்கு மருந்தடித்து, சுவரை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பலகையின் நீளத்துக்கு ஓர் அளவு உண்டு: நீங்கள் ஒருவரே தூக்கித் திருப்ப முடிய வேண்டும். நாலடிக்கு ஓர் அடிப் பலகை எவராலும் முடியும். அதைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடிப்பக்க ஒயரிங் செய்யலாம்.

படி 5: எந்தப் பாதை?

ஓட்டுவதில் ஆசையுள்ள எவருக்கும் நான் பரிந்துரைப்பது 'இங்கிள்நுக் சைடிங்ஸ்' என்ற ஆங்கிலேய ஷண்டிங் புதிர். ஆலன் ரைட் என்பவர் உருவாக்கியது. இரண்டே பாயிண்ட் (பாதை பிரியும் இடம்), மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. முன்னால் இருக்கும் துண்டுப் பாதையில் என்ஜினும் மூன்று வேகனும் மட்டுமே அடங்கும். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்து வேகன்களை எடுத்து, சீட்டு வந்த அதே வரிசையில் ஐந்து வேகன் ரயிலாகக் கோர்க்க வேண்டும். கேட்க எளிது. 8 × 7 × 6 × 5 × 4 என்று பெருக்கிப் பாருங்கள்: 6,720 வெவ்வேறு ரயில்கள். ஒன்றைச் செய்யவே நல்ல நேரம் பிடிக்கும், மூளைக்கும் நல்ல வேலை. ஓ.ஓ. ஸ்கேலில் குட்டை வேகன்களோடு இதற்கு வேண்டிய இடம் நாலரை அடி நீளம், ஓர் அடி அகலம். ஜன்னல் திண்டில்கூட அடங்கும்.

சுற்றி ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு வளைவின் ஆரம்தான் கணக்கு. ஓ.ஓ. ஸ்கேலில் பீக்கோவின் இரண்டாம் ஆரம் 438 மி.மீ.; திரும்பி வர விட்டமே 88 செ.மீ. ஆகிறது, இரண்டு பக்கமும் விளிம்பு விட்டால் ஒரு மீட்டர். என் ஸ்கேலில் 263 மி.மீ. ஆரத்தில் 60 – 65 செ.மீ. அகலத்திலேயே முடியும். இதற்காகவே என் ஸ்கேலைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு, அவர்கள் செய்வது சரி. ஓ.ஓ.தான் வேண்டும், வளையமும் வேண்டும் என்றால் நான்கு பக்கமும் நடந்துவர முடிகிற நடுக்கூடத்தில் மடக்கு மேசையில் போட்டு, ஓட்டி முடித்து எடுத்து வைக்கிற முறை நல்லது.

ரயிலின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டி ஒன்று அசலில் 21 மீட்டரைத் தாண்டும், எச்.ஓ.வில் அது கிட்டத்தட்ட 24.5 செ.மீ. ஆறு பெட்டியும் டீசல் என்ஜினும் சேர்ந்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல். அதற்கேற்ற பிளாட்பாரம் வேண்டும் என்றால் வீடே போதாது. அதனால் சின்ன ரயில் நிற்கிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். மேட்டுப்பாளையம் எனக்குப் பிடித்த யோசனை: ஒரே நிலையத்தில் பிராட்கேஜும் மீட்டர்கேஜும், நான்கைந்து குட்டை நீலப் பெட்டிகளோடு மலையேறக் காத்திருக்கும் ரயில். நிலையத்தை மட்டும் செய்யுங்கள், மலையை விட்டுவிடுங்கள். கல்லாறுக்கு மேல் 12-க்கு 1 என்று ஏறுகிற பாதைக்குப் பல்சக்கரம் வேண்டும்; சாதாரண மாடல் என்ஜின் 40-க்கு 1 ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும்.

படி 6: தண்டவாளம்

ஒட்டுவதற்கு முன்னால் எல்லாத் துண்டுகளையும் சும்மா பலகைமேல் பரப்பி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். காகிதத்தில் தெரியாத தவறெல்லாம் அப்போது தெரியும். பழைய என்ஜின்களின் சக்கர விளிம்பு ஆழமானது. மெல்லிய 'கோட் 75' தண்டவாளத்தில் அது ஸ்லீப்பர் பிடிப்புகளில் தட்டித் தட்டி ஓடும். 'கோட் 100' வாங்குங்கள். எண் தண்டவாளத்தின் உயரத்தைச் சொல்வது, கோட் 100 என்றால் 2.54 மி.மீ.

அடியில் 3 மி.மீ. கார்க் ஷீட் விரித்தால் சத்தம் குறையும். இணைப்புகளில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள், மே மாத வெயிலில் மாடி அறை சுடும்போது கம்பி நீளும், இடமில்லாவிட்டால் நெளிந்து நிற்கும். இணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். விரலுக்குத் தட்டுப்படுகிற இடத்தில் சக்கரமும் தட்டும்; மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு. பாயிண்ட்டுக்கு அடியில் மட்டும் பசை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தி வேலையில் ஒரு எச்சரிக்கை: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் வெட்டுத் தாங்கும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் மாற்ற மின்மோட்டார் அவசியமில்லை. பீக்கோ பாயிண்ட்டில் உள்ளேயே ஸ்பிரிங் இருக்கிறது. ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியை வளைத்து, பலகையின் முன்விளிம்பு வரை கொண்டுவந்துவிட்டால் இழுத்து மாற்றலாம். கேபினில் லீவர் இழுக்கிற உணர்வும் அதில்தான் வரும்.

படி 7: மின்சாரம்

நீங்கள் விட்டுப்போன காலத்துக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். அன்று டிசி: கன்ட்ரோலரைத் திருப்பினால் தண்டவாளத்தில் வோல்ட் ஏறும், மேலே நிற்கிற எல்லா என்ஜினும் ஓடும். இன்று டிசிசி என்ற டிஜிட்டல் முறை. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம். ஒவ்வோர் என்ஜினுக்குள்ளும் டீகோடர் என்ற சின்ன மின்பலகை, அதற்கு ஓர் எண். அந்த எண்ணைக் கூப்பிட்டால் அந்த என்ஜின் மட்டும் நகரும், ஹார்ன் அடிக்கும், விளக்கு போடும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990-களில் பொதுத் தரமாக்கியது. அதனால் ஒரு நிறுவனத்தின் டீகோடர் இன்னொன்றின் கன்ட்ரோலரோடு பேசும். புது டீகோடர்கள் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து எண் 3-ஆக வரும். முதல் வேலையே அதை மாற்றுவதுதான்.

உங்களுக்கு எது? ஒரே என்ஜின் ஓடும் இங்கிள்நுக்குக்கு டிசி தாராளமாகப் போதும். புது என்ஜின்கள், ஒலி, ஒரே பாதையில் இரண்டு மூன்று ரயில் என்றால் டிசிசி. பழைய என்ஜின்களை டிசிசிக்கு மாற்ற நான் ஊக்கப்படுத்த மாட்டேன். பழைய மோட்டாரில் ஒரு பிரஷ் நேராகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும், அதைப் பிரித்துக் காப்பிட வேண்டும். மின்சாரமும் அதிகம் இழுக்கும், டீகோடர் கருகும். டீகோடர் இல்லாத என்ஜினை டிசிசி பாதையில் நிறுத்தினால் ரீங்காரமிட்டுச் சூடாகும். இரண்டு வகையும் இருப்பவர்கள், நடுவில் 'ஆஃப்' உள்ள இரட்டை முனை இருவழி ஸ்விட்ச் ஒன்று போட்டு, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தண்டவாளத்துக்குப் போகும்படி செய்யுங்கள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் கன்ட்ரோலர் போய்விடும்.

ஒயரிங்கில் ஒரே விதி: தண்டவாள இணைப்புத் தகட்டை நம்பாதீர்கள். பலகைக்கு அடியில் தடித்த சிவப்பு, கறுப்பு ஒயர் இரண்டு. ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய ஒயர் இறங்கி அதில் சேர வேண்டும். சோல்டரிங் முழுவதையும் மேசையில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்து முடித்துவிடுங்கள். ரோசின் புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, ஈயம் கலந்த சோல்டரைத் தொட்டால் கை கழுவாமல் காபி குடிக்கக் கூடாது. அடியில் சேர்ப்பதற்கு லீவர் வைத்த கனெக்டர்கள் கிடைக்கின்றன, அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் படம் போட்டு, பலகைக்கு அடியிலேயே ஒட்டி வையுங்கள்.

படி 8: வாங்குவது

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதுதான் கசப்பான பகுதி. இயங்கும் மாடல் ரயிலும் சுங்கக் கணக்கில் பொம்மை வகையில்தான் வருகிறது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. போதாக்குறைக்கு 2021 தொடக்கத்திலிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால் பார்சல் சுங்கத்தில் சிக்கவும் வாய்ப்புண்டு. உள்ளூர் சிறுபொம்மைத் தொழிலைக் காப்பதற்காகச் செய்தது சரிதான். ஆனால் இங்கே எளிதில் கிடைக்காத ஒரு டீகோடருக்கும் என்ஜினுக்கும் ஓய்வூதியக்காரர் இவ்வளவு கட்டுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆர்டர் போடுமுன் அன்றைய விகிதத்தைப் பாருங்கள். இங்கேயே விற்கும் கடைகள், வாங்கி வைத்துச் சலித்தவர்களின் இரண்டாம் கைப் பொருள்கள் இரண்டையும் முதலில் தேடுங்கள். பிரிட்டன், கனடா, சிங்கப்பூரில் இருக்கும் வாசகர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டாம் கைச் சந்தை அங்கே மிகப் பெரியது.

வாங்கும் வரிசை: கன்ட்ரோலர், தண்டவாளம், இரண்டு பாயிண்ட், ஒரு நல்ல சின்ன ஷண்டிங் என்ஜின், எட்டு வேகன். அத்துடன் நிறுத்துங்கள். என்ஜின் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மெதுவாக ஊர்ந்து நகராத என்ஜினில் ஷண்டிங் செய்வது எரிச்சல். எட்டு வேகனுக்கும் ஒரே வகைக் கப்ளிங் இருக்கட்டும்.

படி 9: மண்ணும் மரமும்

இறக்குமதிப் பொடிகள் தேவையே இல்லை. நம் செம்மண்ணை வெயிலில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்தால் எந்த நிறுவனமும் தராத நிறம் கிடைக்கும். ஆனால் போடுமுன் ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மண்ணுக்குள் பலமுறை ஓட்டுங்கள். செம்மண்ணில் இரும்புத் துகள் உண்டு, அது மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் என்ஜின் கெட்டுவிடும். ஃபெவிகாலில் அதே அளவு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மருந்துச் சொட்டுக் குப்பியால் விட்டால் பேலாஸ்ட் ஜல்லி நன்றாகப் பிடிக்கும். காய்ந்த தேயிலைச் சக்கை மண் தரைக்கும், தேங்காய் நார் காய்ந்த புல்லுக்கும் நன்றாக வரும். சக்கையை நன்றாகக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பூக்கும். பனைமரம், சீமைக்கருவேலம், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் மூன்றும் வந்துவிட்டால் பார்ப்பவர் வேறு எதையும் கேட்க மாட்டார்.

படி 10: ஓட்டுவதும் காப்பதும்

வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டினாலே பாதிப் பராமரிப்பு முடிந்தது. நிற்கிற என்ஜினில்தான் எண்ணெய் இறுகும், தண்டவாளம் கறுக்கும். தண்டவாளத்தைத் துடைக்க ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணி போதும். உப்புத்தாள் போட்டால் விழும் கீறல்களில் அழுக்கு மேலும் சேரும். மின்விசிறி வீசும் அறையில் தூசிதான் முதல் எதிரி, ஓட்டாதபோது பழைய வேட்டியால் மூடிவிடுங்கள். வண்டிகள் வைக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள்.

வேகன் எண்களைச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டு வைத்தால் பேரப்பிள்ளைகள் குலுக்கி எடுப்பார்கள், நீங்கள் கோர்க்கலாம். பிறகு அவர்கள் கோர்க்க, நீங்கள் எடுக்கலாம். ஏழெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கையில் கன்ட்ரோலர் மட்டும் கொடுங்கள், பாயிண்ட் உங்கள் கையில் இருக்கட்டும்.

இந்த நாலரை அடி முழுதாக முடிந்து, மண் போட்டு, பெயர்ப்பலகை நட்டு, சில மாதங்கள் தகராறு இல்லாமல் ஓடிய பிறகு இரண்டாவது பலகையை நினைக்கலாம். அதற்கு வழிவிட வேண்டும் என்றால் முதல் பலகையிலேயே ஒரு பக்கத் தண்டவாளத்தை விளிம்பு வரை கொண்டுவந்து, விளிம்பிலிருந்து சமதூரத்தில் இரண்டு போல்ட் துளைகள் போட்டு வையுங்கள். புதுப் பலகையிலும் அதே இடத்தில் துளையிட்டு இறுக்கினால் போதும், பழையதில் எதையும் பெயர்க்க வேண்டியிருக்காது.